பாறையில நட்ட கிராஷ் பேரியர் போஸ்ட் தாங்குமா? டெஸ்ட் பண்றது எப்படின்னு முதல்ல இருந்து

மலை ரோட்டுல கிராஷ் பேரியர், அதாவது வண்டி பள்ளத்துல விழாம தடுக்கற ரோட்டோர இரும்புத் தடுப்பு, போடுற வேலைக்கு புதுசா வர்ற சைட் இன்ஜினியருக்காக இதை எழுதுறேன். சமவெளியில பிரச்சனை கம்மி, ஹாமர் வச்சு போஸ்ட்டை மண்ணுல இறக்கிட்டு அடுத்ததுக்கு போய்க்கிட்டே இருக்கலாம். கல்லட்டி, ஏற்காடு, கொல்லிமலைன்னு மேல ஏறினா நிறைய போஸ்ட்டுக்கு கீழ பாறை வந்துடும். அப்ப சைட்ல எல்லாரும் சொல்ற வார்த்தை ஒண்ணு இருக்கு: "பாறையில நட்டதுக்கு டெஸ்ட் எதுக்கு சார், மலையே நகர்ந்தாதான் இது நகரும்." இதை நம்பிடாதீங்க. பாறை வந்துடுச்சுன்னு போஸ்ட்டோட அடிப்பக்கத்தை கேஸ் கட்டர்ல வெட்டி அரையடி ஆழத்துல நிறுத்திட்டு மேல கான்கிரீட் பூசிட்டா வெளியில பாக்க நல்ல போஸ்ட் மாதிரியே தெரியும். குழி ஆழமா இருந்தாலும் பள்ளத்து பக்கம் இருக்கற பாறை ஓரம் பேர்ந்து போகலாம். இது ரெண்டும் சரியா இருந்தாலும் போஸ்ட் ரொம்ப இறுக்கமா பிடிச்சிருந்தா அதுவும் ஆபத்து, இந்த மூணாவது விஷயம்தான் புதுசா வர்றவங்களுக்கு புரியறதுக்கு கொஞ்சம் நேரம் எடுக்கும், அதனால அதுல இருந்தே ஆரம்பிக்கறேன்.

போஸ்ட் என்ன வேலை செய்யுது

கார் வந்து மோதினா டபிள்யூ பீம் (போஸ்ட்டுகள்ல படுக்கையா மாட்டுற டபிள்யூ வடிவ இரும்புத் தகடு) நாடா மாதிரி இழுத்து பிடிக்கும், போஸ்ட் எல்லாம் மண்ணைத் தள்ளிக்கிட்டே பின்னாடி சாயும், அப்படி சாயறப்பதான் வண்டியோட வேகம் கொஞ்சம் கொஞ்சமா குறையும். சாய்ஞ்சுக்கிட்டே இருக்கறப்ப போல்ட் பீமை விட்டுடணும், பீம் டயர் மேல ஏறவிடாத உயரத்துலயே நிக்கணும். பாறையில கான்கிரீட் போட்டு இறுக்கின போஸ்ட் இப்படி சாயாது, தரை மட்டத்துல மடங்கும். மடங்குறப்ப பீமையும் கீழ இழுத்துட்டு போகலாம், இல்லன்னா சக்கரம் போஸ்ட்டுல மாட்டி வண்டி சுத்தலாம். பக்கத்து போஸ்ட்டெல்லாம் மண்ணுல இருந்து நடுவுல மட்டும் ரெண்டு மூணு பாறையில இருந்தா இன்னும் மோசம், மண்ணுல இருக்கறது உள்வாங்கும், பாறையில இருக்கறது நிக்கும், பீம் அங்க பை மாதிரி வளைஞ்சு வண்டியோட மூக்கு நேரா அதுக்குள்ள போய் இடிக்கும்.

அமெரிக்காவுல நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக் குழுவும் டெக்சாஸ்ல இருக்கற போக்குவரத்து ஆராய்ச்சி நிலையமும் இதை நிறைய டெஸ்ட் பண்ணி பாத்திருக்காங்க. அங்க ஆஷ்டோ (மாநில நெடுஞ்சாலைத் துறை அதிகாரிகளோட சங்கம்) வரைபடத்துல பாறைக்குன்னு தனியா ஒரு விவரம் இருக்கு: பாறைக்கு மேல இருக்கற மண்ணு 460 மி.மீ.க்குள்ள இருந்தா, பாறைக்குள்ள 610 மி.மீ. ஆழம், இரும்பு போஸ்ட்டுக்கு 530 மி.மீ. அகலம்னு பெரிய குழி போடணும், சுத்தி ஜல்லி போட்டு இடிக்கணும். போஸ்ட்டே 150 மி.மீ.தான், எதுக்கு இவ்ளோ பெரிய குழின்னு கேக்கலாம், போஸ்ட் சாயறதுக்கு இடம் வேணும், அதுக்குத்தான். டெக்சாஸ்ல போஸ்ட்டை சுத்தி கான்கிரீட் தளம் வர்ற இடத்துல 18 அங்குல சதுர இடைவெளி விட்டு, 120 பிஎஸ்ஐ (ஏறக்குறைய 0.8 மெகா பாஸ்கல்) மாதிரி ரொம்ப பலம் குறைஞ்ச கிரவுட், அதாவது தண்ணியா இருக்கற சிமெண்ட் கலவை, ஊத்துறாங்க, வேணும்னே நொறுங்குற மாதிரி. நம்ம சைட்ல மீதி இருக்கற எம்20 (20 மெகா பாஸ்கல் பலம்) கான்கிரீட்டை குழியில கொட்டுறதுக்கு முன்னாடி இதை ஒரு தடவை யோசிங்க.

அதனால இந்த டெஸ்ட்ல "அசையுதா இல்லையா"ன்னு பாத்தா பத்தாது, எவ்ளோ அசைஞ்சப்ப எவ்ளோ லோடு எடுத்துச்சுன்னு ரெண்டையும் சேத்து எழுதணும். ஜேசிபி பக்கெட்ல ஒரு தட்டு தட்டி "ஆடல சார்"னு சொல்றது டெஸ்ட் கணக்குல வராது.

பாறையைப் பாருங்க, போஸ்ட்டை அப்புறம் பாக்கலாம்

நீலகிரியும் சேர்வராயன் மலையும் பெரும்பாலும் சார்னோகைட், சென்னையில பரங்கிமலையில இருக்கற அதே வகைக் கல்லு. கல்லு நல்ல கெட்டி, அதுல சந்தேகம் இல்ல. ஆனா இந்தப் பாறை மக்கும்போது உருண்டை உருண்டையா மக்கும், செம்மண்ணுக்குள்ள பெரிய பெரிய குண்டுக்கல்லு மிதக்கற மாதிரி இருக்கும். ட்ரில் போடுறப்ப "கெட்டிப் பாறை"ன்னு தோணுறது தாய்ப் பாறையா இருக்கணும்னு அவசியம் இல்ல, ஒரு குண்டுக்கல்லா கூட இருக்கலாம். அதுல போஸ்ட் நட்டா போஸ்ட்டும் கல்லும் சேந்து பள்ளத்துக்கு உருளும். இதைக் கண்டுபிடிக்க மலைப்பக்கம் வெட்டுன சுவரைப் பாருங்க, ரோட்டுக்கு கீழ என்ன இருக்குன்னு அந்த வெட்டுமுகத்துலயே பாதி தெரிஞ்சுடும். சந்தேகம் இருந்தா குழி ஆழத்தோட நிறுத்தாம ட்ரில் ராடை இன்னும் ஒரு மீட்டர் கீழ விட்டுப் பாருங்க, திடீர்னு ராடு லேசா இறங்குச்சுன்னா, வர்ற தூள் வெள்ளை சாம்பல் நிறத்துல இருந்து செம்மண் நிறத்துக்கு மாறுச்சுன்னா, அது குண்டுக்கல்லு.

அடுத்தது பாறையில இருக்கற வெடிப்பு. வெடிப்பு மலைப்பக்கம் சாய்ஞ்சிருந்தா பயம் கம்மி. பள்ளத்து பக்கம் சாய்ஞ்சு இறங்குச்சுன்னா போஸ்ட் தள்ளுறப்ப அந்தத் துண்டு அப்படியே கழண்டு வரும். குழியில இருந்து பாறை விளிம்பு வரைக்கும் எவ்ளோ தூரம்னு டேப் வச்சு அளந்து எழுதிக்கோங்க, ஒவ்வொரு டெஸ்ட் போஸ்ட்டுக்கும் இது கண்டிப்பா வேணும்.

எந்த போஸ்ட்டை டெஸ்ட் பண்றது

பீம் மாட்டி முடிச்ச போஸ்ட்டைத் தொடாதீங்க, பீம் பக்கத்து போஸ்ட்டுக்கெல்லாம் லோடை கடத்திடும், நீங்க எழுதுற நம்பர் தப்பா இருக்கும். டெஸ்ட்டுக்குன்னு தனியா போஸ்ட் நடணும், அதே ஆளு, அதே ட்ரில், அதே கலவை. டெஸ்ட் போஸ்ட்னு தெரிஞ்சா எல்லாரும் ரொம்ப அக்கறையா நடுவாங்க, அதனால வரிசையா நட்டுக்கிட்டு வர்றப்ப நடுவுல ஒண்ணை பீம் மாட்டுறதுக்கு முன்னாடி நீங்களே கை காட்டி எடுத்துக்கறது நல்லது, டெஸ்ட் முடிஞ்சதும் அங்க புது போஸ்ட் வைக்கலாம். நல்ல இடத்தை விட்டுட்டு மோசமான இடமா பாருங்க: கொண்டை ஊசி வளைவோட வெளிப்பக்கம், பாறை மக்கி கடப்பாரைக்கே பேர்ற இடம், குழி ஆழம் கம்மியா வந்த இடம். பாறை மாறுற ஒவ்வொரு பகுதிக்கும் தனி டெஸ்ட் வேணும். கிரவுட்டோ கான்கிரீட்டோ போட்டிருந்தா கியூரிங் நாள் முடிஞ்ச பிறகுதான், அவசரப்பட்டு பச்சைக் கலவையில தள்ளிப் பாத்தா நல்ல போஸ்ட்டும் தோத்துடும்.

ஜாக்கைத் தொடுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு

நம்ம ஊர்ல சாதாரணமா வர்ற போஸ்ட் 150 x 75 x 5 மி.மீ. சேனல், 1.8 மீட்டர் நீளம், அதுல 1.1 மீட்டர் போல மண்ணுக்குள்ள, 2 மீட்டருக்கு ஒண்ணு. லோடு கொடுக்கற உயரத்தை தரையில இருந்து 635 மி.மீ.ன்னு வச்சுக்கலாம், அமெரிக்காவோட மாஷ் முறையில (ஆஷ்டோவோட மோதல் டெஸ்ட் கையேடு) இருக்கற 25 அங்குலம் இதுதான், ஒரே உயரத்துல பண்ணாத்தான் ஒரு ரிசல்ட்டை இன்னொண்ணோட ஒப்பிட முடியும்.

இந்த சேனலோட செக்ஷன் மாடுலஸ் (வளையாம தாங்குற திறனை வடிவத்தை வச்சு சொல்ற எண்) கிட்டத்தட்ட 68 கன செ.மீ. வரும். இரும்போட ஈல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கற அளவு) 250 மெகா பாஸ்கல்னு எடுத்தா தரை மட்டத்துல 17 கிலோ நியூட்டன் மீட்டர் வரைக்கும் வளையாம தாங்கும். அதை 0.635ஆல வகுத்தா 26.8 கிலோ நியூட்டன், ஏறக்குறைய 2.7 டன். முழுசா பிளாஸ்டிக் ஆகுற அளவுக்கு போனா 31 கிலோ நியூட்டன். அதாவது பாறை எவ்ளோ கெட்டியா பிடிச்சாலும் 3 டன் பக்கத்துல போஸ்ட்டே மடங்கிடும், அதுக்கு மேல லோடு ஏறவே ஏறாது. சேனல் ஒரு பக்கம் திறந்த வடிவம்ங்கறதால தள்ளுறப்ப முறுக்கிக்கவும் செய்யும், நிஜத்துல இன்னும் கொஞ்சம் கம்மியாத்தான் வரும். இந்தக் கணக்கு கையில இருந்தா ரெண்டு நன்மை, ஜாக் 10 டன் போதும்னு தெரிஞ்சுடும், கேஜ்ல 5 டன் காட்டுச்சுன்னா போஸ்ட் சூப்பர்னு சந்தோஷப்படாம கேஜ்தான் தப்புன்னு உடனே நிறுத்தலாம்.

எந்தப் பக்கம் தள்ளணும்

இதுலதான் நிறைய பேரு சறுக்குறாங்க. பள்ளத்து பக்கம் வண்டி நிறுத்த முடியாதுல்ல, அதனால ரோட்டுல டிப்பரை நிறுத்தி சங்கிலி போட்டு போஸ்ட்டை ரோட்டுப் பக்கமா இழுத்துப் பாக்கறாங்க. அப்படி இழுத்தா போஸ்ட் சாயறது ரோட்டுப் பக்கம் இருக்கற பாறை மேல, அது பின்னாடி முழு மலையும் இருக்கு, கண்டிப்பா தாங்கும். வண்டி மோதுறப்ப போஸ்ட் சாயப் போறது பள்ளத்து பக்கம், அங்க பாறை அரை மீட்டர்தான் இருக்கலாம். ரோட்டுப் பக்கமா இழுத்து பாஸ் ஆன டெஸ்ட்டுக்கு மதிப்பே இல்ல.

ரோட்டுல இருந்து பள்ளத்து பக்கமா தள்ளுங்க. லோடு ஏத்துன டிப்பரை ரிவர்ஸ்ல கொண்டு வந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு கல்லு வச்சு, சேஸிஸ்ல ஒரு இரும்புச் சட்டம் முட்டு கொடுத்து, சட்டத்துக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல ஜாக்கும் லோட் செல்லும் (தள்ளுற லோடை அளக்கற கருவி) படுக்கையா வைக்கணும். ஜாக் தலையில சுழல்ற மூட்டு இருக்கட்டும், போஸ்ட் சாயறப்ப ஜாக் வழுக்கி மேல எகிறாம இருக்கும். சேனலுக்குள்ள ஒரு மரக்கட்டை அடைச்சுட்டா தள்ளுற இடம் நசுங்காது. ஜாக்கை ஒரு கயித்துல மேல தொங்க விடுங்க, போஸ்ட் திடீர்னு விட்டா ஜாக் காலுல விழக்கூடாது.

பாதுகாப்பு

கோன், போர்டு, ரெண்டு பக்கமும் கொடி காட்டுற ஆளு, இதெல்லாம் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 விதிமுறையில இருக்கற மாதிரி வச்சுடுங்க. மலை ரோட்டுக்குன்னு கூடுதலா ஒண்ணு இருக்கு: உங்க போஸ்ட்டுக்கு நேர் கீழ அதே ரோட்டோட அடுத்த வளைவு போகும். பாறைச் சில்லு பேர்ந்தா அங்க போற பஸ்ஸு மேலயோ பைக்காரர் மேலயோதான் விழும். கீழ வளைவுலயும் ஒரு ஆளு, கையில வாக்கி டாக்கி, தள்ளுற நேரம் முழுக்க கீழ டிராஃபிக் நிக்கணும். போஸ்ட்டையே ஒரு கயிறு போட்டு டிப்பரோட தளர்வா கட்டி வைங்க, கழண்டா பள்ளத்துக்கு போகக் கூடாது. தள்ளுற கோட்டுல யாரும் நிக்க வேண்டாம், பள்ளத்து பக்கம் எட்டிப் பாக்கவே வேண்டாம், மொபைலை ஒரு குச்சியில கட்டி வீடியோ எடுங்க.

மழை, மூடுபனி இருந்தா அன்னைக்கு டெஸ்ட் வேண்டாம், தள்ளிப் போடுங்க.

அளக்கறது

லோட் செல் இருந்தா நல்லது, காலிபரேஷன் சர்டிஃபிகேட் தேதி பாத்துக்கோங்க. இல்லன்னா ஜாக் பிரஷர் கேஜை வச்சே பண்ணலாம், ராம் (ஜாக்ல இருந்து வெளிய நீளுற பிஸ்டன்) பரப்பு 14.5 சதுர செ.மீ. இருந்தா 100 பார் காட்டுறப்ப 14.5 கிலோ நியூட்டன், மத்ததெல்லாம் அதே விகிதம்.

நகர்வை மூணு இடத்துல எடுக்கணும். ஒண்ணு லோடு கொடுக்கற உயரத்துல, ரெண்டாவது தரை மட்டத்துல போஸ்ட் மேல, மூணாவது பள்ளத்து பக்கம் இருக்கற பாறை மேலயே. அளக்கற குச்சியும் ரெஃபரன்ஸ் சட்டமும் போஸ்ட்டுல இருந்து ஒரு மீட்டராவது தள்ளி நிக்கணும், டிப்பர் மேல கட்டிடாதீங்க, லோடு ஏற ஏற டிப்பரும் கொஞ்சம் பின்னாடி நகரும், அது எல்லாம் உங்க நம்பர்ல வந்து சேந்துடும். இதுக்கு மேல தரை மட்டத்துல போஸ்ட்டை சுத்தி பெயிண்ட்ல ஒரு கோடு போட்டுருங்க, போஸ்ட் மேல எழும்புச்சுன்னா அந்தக் கோடு சொல்லிடும். குழி ஆழம் பத்தாத போஸ்ட் பல நேரம் சாயறதோட நிக்காம பல்லு மாதிரி பிடுங்கிக்கிட்டு மேல வரும்.

மேல இருக்கற நகர்வும் கீழ இருக்கற நகர்வும் தெரிஞ்சா போஸ்ட் எங்க சுழலுதுன்னு கணக்கு போட்டுடலாம். உதாரணத்துக்கு மேல 127 மி.மீ., தரையில 40 மி.மீ.ன்னு வச்சுக்கோங்க. வித்தியாசம் 87, அதை 635ஆல வகுத்தா 0.137. 40ஐ அதால வகுத்தா ஏறக்குறைய 290 மி.மீ. போஸ்ட் வளையாம நேரா இருந்தா தரைக்கு கீழ 290 மி.மீ.ல அது சுழலுதுன்னு அர்த்தம். போஸ்ட் நேராத்தான் இருக்கான்னு மட்டப்பலகை வச்சு பாத்துக்கோங்க. தரையில நகர்வே இல்லாம மேல மட்டும் நகர்ந்தா போஸ்ட் தரை மட்டத்துல மடங்குது.

தள்ளுறது

முதல்ல ஒரு சின்ன லோடு, 1 கிலோ நியூட்டன் போல, இடைவெளி எல்லாம் அடைபடட்டும். அப்புறம் கேஜ் எல்லாம் சைபர் வச்சுட்டு மெதுவா பம்ப் அடிங்க. ஒவ்வொரு 25 மி.மீ. நகர்வுக்கும் நிறுத்தி லோடு எழுதுங்க. நிறுத்துன உடனே லோடு கொஞ்சம் இறங்கும், அது சகஜம், உச்சத்தையும் ஒரு நிமிஷம் கழிச்சு இருக்கறதையும் ரெண்டையும் எழுதுங்க. 127, 254, 381 மி.மீ., அதாவது 5, 10, 15 அங்குலம், இந்த மூணு இடம் முக்கியம், மாஷ் முறையில ஒப்பிடுறது இந்த மூணுலதான். ஜாக் ஸ்ட்ரோக் பத்தாம நடுவுல பேக்கிங் வைக்க வேண்டி வந்தா எந்த நகர்வுல விட்டீங்கன்னு குறிச்சு வச்சு அங்க இருந்தே தொடருங்க.

டக்குன்னு சத்தம் வந்தா நேரத்தையும் லோடையும் எழுதுங்க. பாறை விரிசல் முதல்ல காதுக்குத்தான் வரும், கண்ணுக்கு அப்புறம்தான்.

வந்த நம்பரை எப்படி படிக்கறது

லோடும் நகர்வும் ஒரு கிராஃபா போடுங்க. லோடு படிப்படியா ஏறி ஒரு இடத்துல சமமா நின்னு 381 மி.மீ. வரைக்கும் இறங்காம போனா, பெரிய குழி ஜல்லியோட வேலை செய்யுதுன்னு அர்த்தம், நமக்கு வேண்டியது இதுதான். நேரா செங்குத்தா ஏறி 27ல இருந்து 31 கிலோ நியூட்டனுக்குள்ள நின்னு, பாறை முழுசா இருந்து போஸ்ட் மட்டும் மடங்கியிருந்தா, பலம் இருக்கு, ஆனா நான் முதல்ல சொன்ன அந்த இறுக்கம் பிரச்சனை இருக்கு. இதை பாஸ்னு கண்ணை மூடி எழுதாம டிசைனர்கிட்ட கொண்டு போங்க, பக்கத்துல மண்ணுல இருக்கற போஸ்ட்டோட கிராஃபையும் சேத்து காட்டுங்க. ஏறிட்டு பொட்டுனு விழுந்தா பாறை ஓரமோ கான்கிரீட் கட்டியோ உடைஞ்சிருக்கு, உச்ச லோடு எவ்ளோ அழகா இருந்தாலும் ஃபெயில். ஆரம்பத்துல இருந்தே ஏறலன்னா குழி ஆழம் இல்ல, இல்லன்னா ஜல்லி இடிக்கவே இல்ல.

பாஸ் ஃபெயிலுக்கு ஒரு அளவுகோல் வேணும்ல, அதுக்கு அதே போஸ்ட்டை நல்லா இடிச்ச மண்ணுல, டிசைன்ல சொன்ன முழு ஆழத்துல நட்டு முதல்ல ஒரு டெஸ்ட் பண்ணி வச்சுக்கணும். மாஷ்ல மண்ணு பலம் சரிபாக்கறப்ப மூல டெஸ்ட்ல வந்த லோடுல 90 சதவீதம் அந்த மூணு நகர்வுலயும் வரணும்னு கேக்கறாங்க, நம்மளும் அதையே அளவுகோலா வச்சுக்கலாம். டெக்சாஸ் ரிப்போர்ட்டுகள்ல 17.5, 24.5, 29.1 கிலோ நியூட்டன்னு மூணு நம்பர் அடிக்கடி பாப்பீங்க. அது அவங்க போஸ்ட்டுக்கு, அவங்க மண்ணுக்கு வந்தது, நம்ம சேனலுக்கு அதை அப்படியே ஒட்டிடாதீங்க.

இன்னொண்ணும் மனசுல இருக்கட்டும், இது மெதுவா தள்ளுற டெஸ்ட். நிஜ மோதல் ஒரு நொடிக்குள்ள முடிஞ்சுடும். அதுக்கு 32 கி.மீ. வேகத்துல ஒரு பாரமான தள்ளுவண்டியை போஸ்ட் மேல மோதவிட்டு ஆக்ஸலரோமீட்டர்ல அளக்கற டெஸ்ட் இருக்கு, மலை ரோட்டு ஓரத்துல அது நடக்கற காரியம் இல்ல. முழு பேரியரும் தாங்குமான்னு பாக்க 2270 கிலோ பிக்கப்பை 100 கி.மீ. வேகத்துல 25 டிகிரியில மோதவிடுறாங்க. நம்ம டெஸ்ட்ல பாஸ் ஆச்சுன்னா குழியும் பிடிமானமும் சரியா இருக்குன்னு மட்டும்தான் சொல்லலாம், பேரியர் பாஸ்னு ரிப்போர்ட்ல எழுதக் கூடாது.

நட்டு முடிச்ச வரிசைக்கு

எல்லா போஸ்ட்டையும் மடக்கிப் பாக்க முடியாது. பீம் மாட்டுறதுக்கு முன்னாடி சந்தேகமான போஸ்ட்டை மட்டும் 10 கிலோ நியூட்டன் வரைக்கும், அதாவது ஈல்டுல பாதிக்கும் கீழ, தள்ளி விட்டுட்டு திரும்ப பழைய இடத்துக்கு வருதான்னு பாக்கலாம். இந்த 10ங்கறது விதிமுறையில இருக்கற நம்பர் கிடையாது, நான் வச்சுக்கற அளவு, உங்க சைட்ல டிசைனரோட பேசி முடிவு பண்ணிக்கோங்க. தரை மட்டத்துல மீதி நகர்வு நின்னுட்டா, பெயிண்ட் கோடு மேல வந்துட்டா, அந்தக் குழியைத் தோண்டிப் பாத்துடுங்க. போஸ்ட் வெட்டுன கதை அங்கதான் வெளிய வரும். பேஸ் பிளேட் போட்டு கெமிக்கல் ஆங்கர் போல்ட்ல நிறுத்துன போஸ்ட்டுன்னா போல்ட்டுக்குன்னு தனி புல் அவுட் டெஸ்ட் இருக்கு, அது வேற முறை, இதோட கலக்காதீங்க.

டெஸ்ட் முடிஞ்சதும் மடங்குன போஸ்ட்டைப் பிடுங்கி நீளம் அளங்க, குழி ஆழம் அளங்க, குழிக்குள்ள போட்டோ எடுங்க, ரிப்போர்ட்ல கிராஃபுக்கு பக்கத்துலயே அதை ஒட்டுங்க. ஃபெயில் ஆன இடத்துல கான்கிரீட் கூட ஊத்துறது தீர்வு இல்ல, குழியை ஆழமாக்கி அகலமாக்கணும், விளிம்பு பத்தலன்னா டிசைனரைக் கேட்டு போஸ்ட் இடத்தையே மாத்தணும். முறைப்படி சுருக்கின போஸ்ட்டா இருந்தாலும் வெட்டுன முனையில ஜிங்க் பெயிண்ட் அடிக்காம இறக்கவே கூடாது, பாறைக் குழியில தண்ணி வடியாம தேங்கும், அங்கதான் துரு ஆரம்பிக்கும். மக்கின பாறை இருக்கற இடத்துல போட்ட போஸ்ட்டுகளை மட்டும் தனியா லிஸ்ட் எடுத்து வச்சுக்கோங்க, வடகிழக்கு மழை முடிஞ்சதும் அதுல சிலதை பீம் போல்ட்டைக் கழட்டிட்டு அதே 10 கிலோ நியூட்டன்ல திரும்ப தள்ளிப் பாத்து, மழைக்கு முன்னாடி எழுதுன நம்பரோட ஒப்பிடுங்க.